முதல் பேஸைத் தொடாத கால்

பஸ் டிப்போவில் அவருக்குப் பெயர் பிரேக். பட்டறையில் ரிப்பேர் முடிந்த எந்த வண்டியும் கடைசியில் அவர் கைக்குத்தான் வரும். டிப்போவுக்குப் பின்னால் இருக்கிற காலி இடத்தில் வேகமாக ஓட்டிப்போய், ஒரே மிதியில் நிறுத்திப் பார்ப்பார். மனசுக்குச் சரியாகப் படவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார். மேலாளர் கெஞ்சினாலும், டிரைவர்கள் பல்லைக் கடித்தாலும் அசைய மாட்டார். இந்த ஆள் வண்டிக்கு மட்டுமில்லை, நம்ம பிழைப்புக்கே பிரேக் என்று யாரோ ஒருத்தன் சொல்லப்போக, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் அதற்காகக் கோபித்துக்கொண்டதே இல்லை. சில நாள் போனை எடுத்து அவரே "பிரேக் பேசறேன்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவர் பேஸ்பால் அம்பயர். நானும்தான். வாரநாளில் நான் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிறவன். டிப்போ, சாய ஆலை, ஆஸ்பத்திரி, தபால், தண்ணீர் வாரியம் என்று வேலை செய்கிற இடங்களுக்குள்ளேயே நடக்கிற சின்ன லீக் அது. அத்தனை ஆட்டத்துக்கும் அம்பயர்கள் நாங்கள் கைவிரலுக்குள் அடங்குகிற ஆட்கள்தான். வெயிலில் நின்று வசவு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற வேலைக்கு வேறு யார் வருவார்கள்?

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். பந்தை அடித்தவன் ஓடி, தரையில் பதித்திருக்கும் வெள்ளைப் பைகளை வரிசையாக மிதித்து, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு ரன். அந்தப் பைகளைத்தான் பேஸ் என்கிறோம். பந்து வேலியைத் தாண்டிப் போய்விட்டால் ஹோம் ரன். அப்போது அவசரமே இல்லை, நடந்தே வரலாம். ஆனாலும் ஒவ்வொரு பேஸையும் மிதித்துத்தான் ஆக வேண்டும்.

பிரேக்குக்கு இந்த ஆட்டத்தின் ரூல்கள் மேல் ஒரு பைத்தியம். நானெல்லாம் தேவைக்குப் படித்தவன். அவர் ருசிக்குப் படித்தவர். அவர் வீடு சைக்கிள் கடைக்கு மேலே, இரண்டே அறை. சமையலறையில் ஒரு சின்ன மேஜை உண்டு. உப்பு ஜாடி, டம்ளர், தீப்பெட்டி, சர்க்கரை டப்பா இவற்றை நான்கு மூலையிலும் வைத்து, பட்டாணியை ஆட்களாக நகர்த்தி, சிக்கலான கட்டங்களை மனைவிக்கு விளக்குவார். அந்த அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பார். கேட்பதோடு விடவும் மாட்டார்.

ஒருமுறை நான் போயிருந்தபோது, எளிதாகப் பிடிக்கக்கூடிய பந்து உயரே போனால், அது கைக்கு வருவதற்கு முன்பே அடித்தவன் அவுட் என்று அம்பயர் அறிவிக்கிற ரூலை அவர் விளக்கிக்கொண்டிருந்தார். பிடிக்கிற மாதிரி பாவனை செய்து, வேண்டுமென்றே கீழே விட்டு, ஒரே பந்தில் இரண்டு பேரைக் காலி பண்ணுவார்கள், அதைத் தடுக்கத்தான் இந்த ரூல் என்றார்.

"அப்ப பந்தைப் பிடிக்கிறவன் ஏமாத்துவான்னு நீங்களே முடிவு பண்ணிட்டு, பாவம், அடிச்சவனைத் தூக்கி வெளிய போடுவீங்க. நல்லா இருக்கு உங்க நியாயம்" என்றார் அம்மா.

பிரேக் ஒரு பட்டாணியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நான் சிரித்த சிரிப்பில் பட்டாணியெல்லாம் கலைந்துபோயிற்று.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. அம்மாவின் தம்பி கூடவே இருந்தான். தாயை இழந்தபோது அவன் சின்னப் பையன். அக்காதான் சோறு ஊட்டி, தலை வாரி, பள்ளிக்கூடம் அனுப்பி ஆளாக்கினாள். கல்யாணம் ஆனபோது தம்பியையும் கையில் பிடித்துக்கொண்டுதான் இந்த வீட்டுக்கு வந்தாள். ஓடுகிற வேகத்தைப் பார்த்து அக்கா வைத்த பெயர் சிட்டு. மீசை முளைத்து, சாய ஆலையில் வேலைக்குச் சேர்ந்து, நகக்கண்ணெல்லாம் நீலம் ஏறிய பிறகும் அவன் சிட்டுதான். சாய ஆலை அணியில் அவனை விட்டால் அடிக்க ஆளில்லை. ஆட்டம் முடிந்து வந்ததும் அத்தானோடு மேஜையில் உட்கார்ந்து, அன்றைக்கு நடந்த ஒவ்வொரு முடிவையும் பிரித்து மேய்வான். இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருப்பார்கள், சாப்பாடு ஆறிப்போகும்.

சிட்டுக்கு முப்பது தாண்டிய சமயம் முட்டி தகராறு செய்ய ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். உள்ளே ஏதோ கிழிந்திருக்கிறது, ஓடுகிற வேலையெல்லாம் இனி வேண்டாம் என்றார் டாக்டர். அக்கா அன்றைக்கே அவன் பேஸ்பால் மட்டையைப் பூட்டி வைத்துவிட்டாள். அவன் சில மாதம் சும்மா இருந்தான். அப்புறம், சரியாகிவிட்டது அக்கா, வலியே இல்லை என்று அவள் முன்னால் மாடிப்படி ஏறி இறங்கிக் காட்டினான். அவள் சாவியைக் கொடுத்தாள். அந்த வருஷம்தான் சாய ஆலை முதல்முறையாக ஃபைனலுக்கு வந்தது. எதிரணி ஆஸ்பத்திரி.

அந்த ஆட்டத்துக்கு நிற்க வேண்டிய அம்பயர் காய்ச்சலில் படுத்துவிட்டார். மற்றவர்கள் ஊரில் இல்லை, மிச்சம் இருந்தது நானும் பிரேக்கும். மச்சினன் ஆடுகிற ஆட்டத்தில் நிற்க மாட்டேன் என்றார் பிரேக். லீக் செயலாளர் தலையைச் சொறிந்தார். ஆஸ்பத்திரிக்காரர்களே வந்து, அவர் நிற்கட்டும், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்றார்கள். சிட்டு சிரித்துக்கொண்டு, அத்தான் நின்றால் கஷ்டம் எங்களுக்குத்தான், அவர்களுக்கென்ன என்றான். அப்படித்தான் அவர் சம்மதித்தார். நான் அடிப்பவனுக்குப் பின்னால் நிற்பது, அவர் பேஸ்களைப் பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

அம்மா வழக்கம்போல மடக்கு ஸ்டூலோடு வந்து, முதல் பேஸுக்கு நேராக வேலியோரம் உட்கார்ந்திருந்தார்.

கடைசிச் சுற்று. சாய ஆலை ஒரு ரன் பின்னால். இரண்டு பேர் அவுட், மூன்றாவது ஆள் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. இரண்டாவது பேஸில் ஓர் ஆள். சிட்டு அடிக்க வந்தான். அவன் அடித்த அடியின் சத்தம் கேட்டவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டேன். பந்து வேலியைத் தாண்டி, அந்தப் பக்கம் நின்ற லாரிகளுக்கு நடுவில் போய் விழுந்தது. இரண்டு ரன், கோப்பை சாய ஆலைக்கு. கூட்டம் வேலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. சிட்டு மெதுவாகச் சுற்றி வந்தான். அனுபவித்து ஓடுகிறான் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

நான் வெளியே போகத் திரும்பினேன். பிரேக் வரவில்லை. முதல் பேஸுக்குப் பக்கத்தில், கையைத் தொங்கவிட்டுக்கொண்டு அப்படியே நின்றார்.

இந்த இடத்தில் ஒரு ரூல் இருக்கிறது. ஓடுகிறவன் ஒரு பேஸை மிதிக்காமல் விட்டால், அதைப் பார்த்த அம்பயர் வாயைத் திறக்கக் கூடாது, முகத்திலும் காட்டக் கூடாது. எதிரணி தானாகக் கவனித்து, பந்தோடு அந்த பேஸைத் தொட்டு, இவன் இதை மிதிக்கவில்லை என்று கேட்டால்தான் தீர்ப்பு. ஆட்டத்தின் கடைசி அடி என்றால், பேஸ்களைச் சுற்றி நிற்கிற உள்வட்டத்து ஆட்கள் எல்லோரும் களத்தை விட்டு வெளியேறுகிற வரை அவர்கள் கேட்கலாம். அதுவரை அம்பயரும் காத்திருக்க வேண்டும். யாரும் கேட்காமல் போய்விட்டால் அந்த ரன் ரன்தான். பார்த்தவர் பார்த்ததை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஆஸ்பத்திரி அணியில் முதல் பேஸ் காப்பவர் எக்ஸ்ரே எடுக்கிறவர். அவரும் தலையைக் குனிந்துகொண்டு போய்க்கொண்டிருந்தார். பாதி வழியில் நின்றார். திரும்பிப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கி, பந்து கொடுக்கச் சொல்லி என்னைக் கேட்டார். என் பையில் இருந்த புதுப் பந்தை எடுத்து அவர்களுடைய பந்து வீசுகிறவனிடம் கொடுத்து, ஆட்டம் தொடரட்டும் என்றேன். அவன் முதல் பேஸுக்கு எறிந்தான். எக்ஸ்ரேக்காரர் பையை மிதித்துக்கொண்டு, "அடிச்சவர் இதை மிதிக்கல" என்றார்.

பிரேக்கின் கை மேலே போயிற்று. அவுட்.

அந்த இரைச்சலை நான் விவரிக்கப் போவதில்லை. சாய ஆலைக்காரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். சிட்டு ஆட்களை விலக்கிக்கொண்டு வந்து எதிரில் நின்றான்.

"அத்தான், நான் மிதிச்சேன்."

"இல்ல தம்பி."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பார்த்தேன். மிதிக்கல."

சாய ஆலைத் தலைவர் என்னிடம் வந்தார். சரி, அடித்தவன் அவுட் என்றே வைத்துக்கொள்வோம், அவனுக்கு முன்னால் ஓடியவன் ஒழுங்காகத்தானே வந்து சேர்ந்தான், அந்த ஒரு ரன்னாவது உண்டல்லவா, ஆட்டம் சமம்தானே என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நியாயமாகவும் இருந்தது. பிரேக்கைத் தனியாக இழுத்துப்போய், சமம் என்று சொல்லிவிடலாம், இன்னொரு சுற்று ஆடட்டும் என்றேன்.

அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். இரண்டாவது பேஸையோ மூன்றாவதையோ விட்டிருந்தால் முன்னால் ஓடியவனின் ரன் நிற்கும். ஆனால் அடித்தவன் முதல் பேஸையே சேராமல் மூன்றாவது அவுட் ஆனால், அந்த அடியில் வந்த எந்த ரன்னும் கிடையாது. தரையைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னார்.

"யாருக்குத் தெரியப்போகுது? எனக்கே இப்பதான் ஞாபகம் வருது" என்றேன்.

"எனக்குத் தெரியுமே" என்றார்.

கோப்பை ஆஸ்பத்திரிக்குப் போயிற்று.

அன்று சாயங்காலம் அந்த வீட்டில் நடந்ததைப் பின்னால் பிரேக் வாயாலேயே கேட்டேன். சிட்டு பையில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தான். சண்டை எதுவும் போடவில்லை. அத்தான் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் நான் மிதித்தேன், அது அவருக்குத் தெரியவில்லை என்றான். ஆலையில் இனி முகம் காட்ட முடியாது, வேறு ஊரில் வேலை பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னான். அக்கா அவன் கையிலிருந்த சட்டையைப் பிடுங்கிப் பிடுங்கி வெளியே வைத்தாள். அவன் திரும்பத் திரும்ப உள்ளே வைத்தான். கடைசியில் அவளே மடித்து வைத்துக் கொடுத்தாள்.

அவன் போன பிறகு அவள் கணவரிடம் இரண்டே விஷயம்தான் சொன்னாள். ஒன்று, நீங்கள் ஏன் அங்கேயே நின்றீர்கள் என்பது. எல்லோரும் கிளம்பியபோது நீங்களும் கிளம்பியிருந்தால் அந்த ஆளுக்குச் சந்தேகமே வந்திருக்காது. நிற்க வேண்டியது என் வேலை என்று அவர் சொன்னார். மற்றது அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. முதல் பேஸ் கிட்டே அவன் வந்தபோது அவள் எழுந்து நின்று, சிட்டு, சிட்டு என்று கத்தியிருக்கிறாள். அப்போது அவன் முகத்தை இந்தப் பக்கம் திருப்பினான்.

"நான் கூப்பிட்டேன். அதான் திரும்பினான். அதான் கால் தப்பிடுச்சு."

அதற்குப் பிறகு அந்த அம்மா மைதானத்துக்கு வரவில்லை. வீட்டில் எல்லாம் முன்போலத்தான் நடந்தது. சாப்பாடு நேரத்துக்கு வந்தது, தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை என்ற பேச்செல்லாம் இருந்தது. அம்பயராக நிற்கும்போது அவர் போடுகிற நீலச் சட்டையை முன்பு அவள் துவைத்து இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டி வைப்பாள். இப்போதும் துவைத்தாள். இஸ்திரி மட்டும் போடவில்லை. அவர் அப்படியே சுருக்கத்தோடு போட்டுக்கொண்டு வருவார். நாங்கள் யாரும் கேட்கவில்லை. மேஜையில் பட்டாணி வைத்து விளக்குகிற பழக்கமும் நின்றுபோயிற்று. சிட்டு எப்போதாவது போன் பண்ணுவான், அத்தான் டிப்போவில் இருக்கிற நேரமாகப் பார்த்து.

அவரிடம் ஒரு மாற்றத்தைக் களத்தில் நான் கவனித்தேன். முடிவு சொல்ல நேரம் எடுத்துக்கொண்டார். கை பாதி எழும், நிற்கும். ஒருநாள் தண்ணீர் வாரியத்து ஆள் ஒருவன் ஓடிப்போய்க் குனிந்து பந்தைப் பிடித்தான். எறிவதற்காகக் கையுறையிலிருந்து எடுக்கும்போது பந்து நழுவி விழுந்தது. பிடித்து முடித்த பிறகு விழுந்ததா, பிடிக்கும்போதே விழுந்ததா என்பதுதான் கேள்வி. கண் சிமிட்டுகிற நேரத்தில் சொல்ல வேண்டிய தீர்ப்பு. பிரேக் அவனுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் அந்தப் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பேசவேயில்லை. ஓடுகிறவர்கள் ஓடுவதா நிற்பதா என்று தெரியாமல் முழித்தார்கள். கடைசியில் தூரத்திலிருந்து நான்தான் கையைத் தூக்கினேன்.

ஆட்டம் முடிந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். தெரியவில்லையா என்று கேட்டேன். தெரிந்தது, நன்றாகவே தெரிந்தது என்றார். தெரிந்ததைச் சொன்னால் யாருக்கு என்ன போகுமோ என்று ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது, அப்படித் தோன்றுகிறவன் இந்த வேலைக்கு ஆகமாட்டான் என்றார். முகக்கவசத்தையும் பந்துப் பையையும் என் மடியில் வைத்துவிட்டுப் போனார். அப்புறம் அவர் வரவில்லை. டிப்போவில் மட்டும் பழைய பிரேக்காகவே இருந்தார்.

எக்ஸ்ரேக்காரரை ஒருமுறை கடைத்தெருவில் பார்த்தேன். உண்மையிலேயே பார்த்துத்தான் கேட்டீர்களா என்று கேட்டேன். பாதி பார்த்தேன் என்றார். மனசில் ஏதோ இடித்தது, ஆனால் நிச்சயமில்லை, அதனால்தான் போய்க்கொண்டிருந்தேன், திரும்பிப் பார்த்தபோது அம்பயர் நகராமல் நின்றார், மீதி புரிந்துவிட்டது என்றார். இதை நான் பிரேக்கிடம் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

அம்மாவுக்கு இதயம் பலவீனமாகிக்கொண்டே வந்தது. கால் வீங்கும், படி ஏறினால் மூச்சு வாங்கும். கடைசி மாதங்களில் சமையலறை மேஜையை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஜன்னலுக்குப் பக்கத்தில் கட்டிலைப் போட்டிருந்தார்கள். சைக்கிள் கடைச் சத்தம் அவளுக்குப் பிடிக்குமாம். பிரேக் லீவு போட்டுவிட்டு அவளுக்குத் தலை வாரிவிடுவார், கஞ்சி காய்ச்சுவார். தம்பிக்குத் தகவல் சொல்லட்டுமா என்றால், வேலை கெடும், வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம் தானாகவே அந்தப் பேச்சை எடுத்திருக்கிறாள்.

"அன்னைக்கு நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்."

"நீ கூப்பிட்டதால இல்ல" என்றாராம் அவர்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? அவன் முகத்தைப் பார்த்தீங்களா?"

ஓடுகிறவன் பேஸுக்கு வரும்போது அம்பயர் பார்க்க வேண்டியது காலைத்தான். அவரும் காலைத்தான் பார்த்தார். அவன் ஏன் முகத்தைத் திருப்பினான், எதைப் பார்த்தான் என்பதெல்லாம் அவர் கண்ணில் படவேயில்லை.

"நான் காலைத்தான் பார்த்தேன்" என்று சொல்லியிருக்கிறார். அவள் அவர் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இதை என்னிடம் சொல்லும்போது அவர் அழவில்லை. நான்தான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். ஆமாம், பார்த்தேன், அவன் உன்னைப் பார்க்கவே இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. அவரால் அது முடியாது என்பதும் தெரியும்.

அவளை அடக்கம் செய்த அன்று சிட்டு வந்தான். ஓரமாக, சுவர்ப்பக்கம் நின்றான். ஆள் இளைத்திருந்தான், சாய்ந்து சாய்ந்து நடந்தான். மண் போட்டுவிட்டு, அத்தானுக்குத் தூரத்திலிருந்து கைகூப்பிவிட்டுப் போய்விட்டான்.

அதற்கப்புறம் சில வருஷம் அவனைப் பற்றித் தகவலே இல்லை. பிரேக் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். ஒருநாள் எனக்குப் போன் வந்தது. சிட்டுதான். முட்டியை அறுத்துச் சரிபண்ண வேண்டுமாம், இங்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்திருக்கிறார்கள், கூட இருக்க ஓர் ஆள் வேண்டும் என்று சொல்கிறார்கள், எனக்கு யாரும் இல்லை, நீங்கள் வர முடியுமா என்றான். வருகிறேன் என்றேன். ஆனால் அன்றைக்கே சைக்கிள் கடை மாடி ஏறி, பிரேக்கிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டார்.

வார்டில் நாங்கள் இரண்டு பேரும் வந்து நின்றதைப் பார்த்ததும் சிட்டு எழுந்திருக்கப் பார்த்தான். படு, படு என்றார் பிரேக். அவ்வளவுதான். பக்கத்துக் கட்டில்காரர் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். ஒரு சின்ன வயசு டாக்டர் வந்து, படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். வலி எப்படி, மடக்க முடிகிறதா, படி இறங்கும்போது எப்படி என்றெல்லாம்.

"முதல் தடவை முட்டி இப்படிச் சிக்கிப் பிடிச்சுக்கிட்டது எப்ப? ஞாபகம் இருக்கா?"

சிட்டு டாக்டரைப் பார்க்காமல் அத்தானைப் பார்த்துச் சொன்னான்.

"ஒரு ஃபைனல் மேட்ச்ல. முதல் பேஸ் கிட்ட வரும்போது."

டாக்டர் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அப்புறம் அவனே சொன்னான். முதல் பேஸுக்கு நாலு எட்டு இருக்கும்போதே முட்டி உள்ளே சிக்கிக்கொண்டது. விழாமல் இருக்கத்தான் காலைக் குறுக்கி வைத்தான். பாதம் மண்ணில் இறங்கியது, அது அவனுக்கே தெரிந்தது. பந்து வேலிக்கு வெளியே, திரும்பி வந்து மிதித்துவிட்டுப் போக எத்தனையோ நேரம் இருந்தது. ஆனால் நின்றால் மறுபடி ஓட முடியாது, நொண்ட வேண்டும், வேலியோரம் அக்கா பார்த்துக்கொண்டிருக்கிறாள். வலியே இல்லை என்று படி ஏறிக் காட்டி ஏமாற்றியது வெளியே வந்துவிடும். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தான். வலியில் முகம் கோணியதை ஆட்கள் பார்க்காமல் இருக்கப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டான்.

"நீங்க அவுட்னு சொன்னப்ப, மிதிச்சேன்னு வாய்ல வந்துடுச்சு. அப்புறம் மாத்திச் சொல்ல முடியல அத்தான். அக்கா செத்தப்பவும் சொல்ல முடியல."

பிரேக் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா கூப்பிட்டாளே, கேட்டுச்சா?"

"எப்ப?"

"நீ முதல் பேஸ் கிட்ட வந்தப்ப. சிட்டு, சிட்டுன்னு."

அவன் யோசித்தான். கூட்டம் கத்திக்கொண்டிருந்தது, எதுவும் தனியாகக் கேட்கவில்லை என்றான். பிறகு, ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்டான். அக்கா ஏதாவது சொன்னாளா?

நான் பிரேக்கின் முழங்கையைத் தொட்டேன். வேண்டாம் என்றுதான் தொட்டேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மெதுவாக, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல், அந்த மத்தியானம் ஜன்னலோரம் அவள் சொன்னதையும், தான் காலைத்தான் பார்த்ததாக அவளிடம் சொன்னதையும் சொன்னார். தன்னால்தான் உன் கால் தப்பியது என்று அவள் கடைசி வரை நம்பினாள் என்றார்.

சிட்டு போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். பக்கத்துக் கட்டில்காரர் ரேடியோவை அணைத்தார். பிரேக் ஸ்டூலை இழுத்துப் போட்டு, போர்வைக்கு மேலே அவன் தோளில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சாயங்காலம் நர்ஸ் வந்து போகச் சொல்லுகிற வரை எழுந்திருக்கவில்லை.

வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் கோபமாகவே கேட்டேன். அவளும் போய்விட்டாள், இனி இவனுக்கு இது தெரிந்து என்ன ஆகப்போகிறது என்றேன்.

"கேட்டான்" என்றார். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு நாள்தான் நான் ஒருத்தனே வச்சிருக்கிறது?" என்றார்.

நானாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆபரேஷன் ஒருவிதமாக முடிந்தது. கால் முழுசாக மடங்காது, தடி வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பிரேக் அவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தார். அந்த மாடிப்படி அவனுக்குப் பெரிய பாடு. ஒரு படிக்கு ஒரு மூச்சு. பிரேக் பின்னாலேயே, விழுந்தால் தாங்குகிற மாதிரி கையை விரித்துக்கொண்டு ஏறுவார். நடக்க முடிந்த முதல் வாரமே, அக்காவைப் பார்க்கப் போக வேண்டும் என்றான். நாங்கள் மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே பிரேக் நின்றுகொண்டார். நீ போய்விட்டு வா என்றார். அவன் தடியை ஊன்றி ஊன்றி உள்ளே போனான். நெடுநேரம் வரவில்லை. வந்தபோது கண் சிவந்து, வேட்டியில் மண் ஒட்டியிருந்தது. கீழே உட்கார்ந்துவிட்டு, மறுபடி எழுந்திருக்க முடியாமல் யாரையோ உதவிக்குக் கூப்பிட்டிருக்கிறான். பிரேக் குனிந்து அந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

சிட்டு இப்போது அங்கேதான் இருக்கிறான். கீழே சைக்கிள் கடையில் உட்கார்ந்தபடி பஞ்சர் ஒட்டுகிறான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டதில்லை. பழைய மாதிரி பேசிக்கொள்வதும் இல்லை. பேஸ்பால் பேச்சு அந்த வீட்டில் எழுவதேயில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து நான் போகிற நாளில், யார் ஜெயித்தார்கள் என்றுகூடக் கேட்க மாட்டார்கள். டீ போட்டுக் கொடுப்பார்கள். குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். கிளம்பும்போது கீழே வாசல் வரை வருவது சிட்டுதான். பிரேக்குக்கு இப்போது பார்வை மங்கிக்கொண்டு வருகிறது, படியில் இறங்கப் பயப்படுகிறார்.